கோடு போட்ட ஏழு

ஆக்லாந்து
6 ஆகஸ்ட் 1983

அன்புத் தம்பி பௌலியாசிக்கு,

இந்தக் குளிரையும் கடக்க வைத்த ஆண்டவருக்கு நன்றி. நீயும் மெலெனைதேயும் பிள்ளைகளும் சுகமா? உன் மூட்டுவலி குறைந்ததா? இங்கே எனக்கு ஒன்றுமில்லை. கிலிஃபிக்குத்தான் கால் பெருவிரல் வீங்கி ஒரு வாரம் பூட்ஸ் போட முடியவில்லை. ஆட்டுக்கொழுப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இவர் டாக்டரை மாற்றிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபைக்குப் புதுக் கோயில் கட்டி முடித்துவிட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி திறப்பு. பதினொரு பாடகர் குழுக்கள் பாடும், கோப்பையும் உண்டு. எங்கள் குழுவை கிலிஃபிதான் நடத்துகிறார். நான்கு மாதமாக ஒரு பாட்டை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் யாரும் சத்தமாக இருமக்கூட முடியவில்லை.

பைபிளில் கெட்ட குமாரன் அப்பாவின் வீட்டுக்குத் திரும்பும் கதையை நீ நான்கு குரலுக்குப் பாட்டாக எழுதி, பெட்டியில் வைத்திருக்கிறாய் என்று ஈஸ்டருக்கு மெலெனைதே எழுதியிருந்தாள். அதை எனக்கு அனுப்பு.

நம் தீவை விட்டு நான் ஆக்லாந்து வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. நீயாக அனுப்பிய பாயையும் கவா வேரையும் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். இதைக் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா
லோசெலி

*

வவாவு
2 செப்டம்பர் 1983

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த கப்பலிலேயே நல்ல மழையும் வந்தது. கிழங்குத் தோட்டம் பிழைத்தது. நாங்கள் எல்லாரும் நலம். கிலிஃபி அத்தானின் கால் குணமாக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம்.

நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அக்கா கேட்டதைத் தம்பி மறுப்பது நம் வழக்கமில்லை, அதற்குமேல் எனக்குப் பேச்சில்லை. மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து நான்கு குரலையும் என் கையாலேயே படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வரும் ஜூனில் தலைநகர் நூகுஅலோஃபாவில் நடக்கும் சபை மாநாட்டில் முதல்முறையாகப் பாடலாம் என்று வைத்திருந்தேன். பரவாயில்லை. டிசம்பரில் நீங்கள் பாடுங்கள், ஜூனில் நாங்கள் பாடுகிறோம். ஒரே பாட்டை இரண்டு குழு பாடக் கூடாதா என்ன.

மெலெனைதேதான் முணுமுணுத்தாள். "நாலு வருஷமா பூட்டி வெச்சீங்க. எனக்கே முழுசாப் பாடிக் காட்டல. ஒரு கடுதாசி வந்ததும் பெட்டியத் தொறந்துட்டீங்களா?" என்றாள்.

"அக்கா கேட்டுட்டாங்க. அப்புறம் என்ன பேச்சு?" என்றேன்.

"ஆமா, மொதக் கெழங்கு அவங்களுக்கு, கொழுத்த பன்னி அவங்களுக்கு. பாட்டு ஒண்ணுதான் பாக்கி இருந்தது."

அவளை அதட்டிவிட்டேன். இதையெல்லாம் உங்களுக்கு எழுதவே கூடாது. எழுதிவிட்டேன். அவளைத் தவறாக நினைக்காதீர்கள்.

ஒரே ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குமாரன் வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிடும் இடத்தில் டெனர் ஆண்குரலுக்கு ஏழாம் சுரத்தை எழுதி, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அத்தான் அதைக் கவனிக்கட்டும். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் தம்பி
பௌலியாசி

*

ஆக்லாந்து
25 செப்டம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

பாட்டு பத்திரமாக வந்தது. உன் கையெழுத்து அப்பாவின் கையெழுத்து மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறது. உன் வீட்டில் எல்லாருக்கும் ஆண்டவர் துணையிருக்கட்டும். இங்கே தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்குத் தேநீர் வைக்க வசதி.

நீ போட்ட கோட்டை கிலிஃபி அழித்துவிட்டார். "நாலுக்குக் கோடு போடுவாங்க, ஆறுக்குப் போடுவாங்க. வீட்டுச் சுரத்துல நின்னுக்கிட்டு ஏழுக்கு எவன் கோடு போட்டான்? உன் தம்பிக்குக் கண்ணு மங்கிப் போச்சு" என்றார். கோடு இல்லாமல் இரண்டு வாரம் பாடினார்கள். உப்பில்லாத கிழங்கு மாதிரி இருந்தது.

"அவன் வேணும்னுதான் போட்டிருப்பான்" என்றேன். திரும்பவும் கோட்டைப் போட்டுப் பாடினார்கள். டெனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். "பூனை வால மிதிச்ச மாதிரி இருக்கு கிலிஃபி" என்று ஒருவன் சொன்னதும் முப்பது பேரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பயிற்சி அதோடு முடிந்தது.

அந்த இடத்தை எப்படிப் பாட வேண்டும் என்று விளக்கமாக எழுது. எதற்காக அப்படி வைத்தாய் என்றும் எழுது. அவர் படிக்கிறாரோ இல்லையோ, நான் படிப்பேன்.

உன் அக்கா
லோசெலி

*

வவாவு
14 அக்டோபர் 1983

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

டெனர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. அது பயத்தில் வரும் சிரிப்பு. அத்தானுக்கு இப்படிச் சொல்லுங்கள். மூன்றில் தொடங்கும் நம் எண் சுரங்களில் மூன்று, ஐந்து, ஏழு சேர்ந்து நிற்கும்போது வீடு. சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். இப்போது மூன்றும் ஐந்தும் இம்மி அசையக் கூடாது. ஏழில் நிற்கும் டெனர் மட்டும் அரைப்படி ஏறுகிறார். கோடு போட்ட ஏழு அதுதான். அடுத்து இன்னும் ஒரு அரைப்படி ஏறி எட்டில் உட்காருகிறார். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அவர் உட்காரும்போது அது துக்க வீடாகியிருக்கும். மற்றவர்கள் யாருமே இடம் மாறவில்லை.

நடுவில் நிற்கும் அந்த ஒரு கணம்தான் பயமுறுத்துவது. எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நான்கு அரைப்படி. ஐந்துக்கும் கோடு போட்ட ஏழுக்கும் நான்கு. அங்கிருந்து மேல் மூன்றுக்கும் அதே நான்கு. எல்லா இடைவெளியும் சமம். நாம் கவா பானம் குடிக்கும் வட்டத்தில் யார் மேலே, யார் கீழே என்று உட்கார்ந்திருக்கும் இடமே சொல்லிவிடும். இங்கே மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பெரியவர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாராவது எழுந்து நகர்ந்தால்தான் கவாவை ஊற்ற முடியும். அதனால்தான் கேட்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

பழக்கும்போது முதலில் டெனர்கள் ஏழிலிருந்து நேராக எட்டுக்குப் போய்ப் பழகட்டும். பிறகு நடுப்படியைச் சேருங்கள். வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. இரண்டு தட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. பாட்டு முழுவதிலும் ஒரு முறைதான், இரண்டாவது முறை வந்தால் செத்துப்போகும். இதையும் அத்தானிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

எதற்காக வைத்தாய் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு, நம் கோயில் ஹார்மோனியத்தை நான் வெயிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஒரு கட்டை அமுங்கியபடி எழாமல் நின்றுவிட்டது. மற்ற கட்டைகளோடு அது சேர்ந்து ஒலித்தபோது இந்தச் சேர்க்கை தானாக வந்தது. அன்றிலிருந்து இருபது வருடத்துக்கும் மேலாக என்னோடு வைத்திருந்தேன். சரியான சொல் கிடைக்கும்வரை எந்தப் பாட்டிலும் வைக்கவில்லை. எனக்கு வாழ்க்கையில் கிடைத்தது இது ஒன்றுதான் அக்கா.

நிகழ்ச்சித் தாள் அச்சடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் போடுவதாக இருந்தால் சின்ன எழுத்தில் போட்டாலே போதும்.

உங்கள் தம்பி
பௌலியாசி

*

ஆக்லாந்து
12 நவம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

மூத்தவளுக்குக் காய்ச்சல் என்று படித்ததும் பதறினேன், அடுத்த வரியிலேயே போய்விட்டது என்றிருந்தாய். அவளுக்கு ஒரு சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ எழுதியபடி பழக்கினார்கள். மூன்றாவது வாரம் பிடிபட்டது. யாரும் சிரிக்கவில்லை. கிலிஃபி இங்கே ஒரு பியானோ டீச்சரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அந்தச் சுரச்சேர்க்கைக்கு ஆக்மென்டட் கார்டு என்று பெயராம், வெள்ளைக்காரர்கள் இருநூறு வருடமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அன்றிலிருந்து குழுவில் எல்லாரும் "ஆக்மென்டட், ஆக்மென்டட்" என்று சொல்லித் திரிகிறார்கள். ஒரு முறைதான் வர வேண்டும் என்று நீ எழுதியதை நான் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கிறத எதுக்குப் பூட்டி வெக்கணும்?" என்று இன்னும் மூன்று இடத்தில் சேர்த்துவிட்டார்.

போன வாரம் அந்த இடம் திடீரென்று கரகரத்தது. நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆல்ட்டோப் பெண்கள் இரண்டு பேர் டெனரோடு சேர்ந்து அந்தச் சுரத்துக்கே தாவிவிட்டார்கள். வாசலில் வந்து நின்று, "அதை ஒரு குரல்தான் பாடணும். ரெண்டு குரல் ஏறினா கெட்டுடும்" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

"தம்பி எழுதியிருந்தான்."

"நான் பாக்கலியே."

"நீங்க சரியாப் படிக்கல."

அவர் போய் ஆல்ட்டோக்களைத் திட்டினார். சரியாகிவிட்டது.

உன் ஹார்மோனியக் கதையைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

உன் அக்கா
லோசெலி

*

வவாவு
8 ஜனவரி 1984

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

புது வருடம் உங்கள் வீட்டுக்கு நன்மையாக இருக்கட்டும். இங்கே யாவரும் நலம்.

உங்கள் குழு கோப்பையை வென்றதை வானொலியில் கேட்டோம். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என் வாசலில் நின்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். கிலிஃபி அத்தானுக்கு என் மகிழ்ச்சியைச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய பெட்டி போன வியாழன் வந்தது. சட்டைத்துணி மூத்தவளுக்குப் பிடித்திருக்கிறது. இறைச்சி டின்கள் நசுங்கவில்லை. தேநீர்க் கோப்பைகள் ஆறும் உடையாமல் வந்தன. அவற்றைச் சுற்றியிருந்த தாள் நல்ல கெட்டித் தாள். மெலெனைதே அதை நீவிப் பார்த்து, திறப்புவிழா நிகழ்ச்சித் தாள் என்று தெரிந்ததும் சுவரில் மாட்டினாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. நான் தாளைக் கழற்றிவிட்டேன்.

அச்சு தெளிவாக இருக்கிறது. "கெட்ட குமாரன். இசை: கிலிஃபி." ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறார்கள்.

வேறொன்றும் விசேஷமில்லை.

உங்கள் தம்பி
பௌலியாசி

*

ஆக்லாந்து
20 மார்ச் 1984

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இந்த வருடம் வெயில் அதிகம், ஷிப்டும் அதிகம். உன் மூட்டுவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தேய்.

கிலிஃபியை வெலிங்டனுக்கும் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். திறப்புவிழாவில் யாரோ பதிவுசெய்ததை கேசட்டாகப் போட்டு விற்கிறார்கள். சமோவாக்காரர்கள்கூட வாங்குகிறார்கள். உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன், கேட்டுப் பார். கால் வீக்கம் இப்போது இல்லை. புது பூட்ஸ் வாங்கியிருக்கிறார்.

தாளைப் பற்றி எழுதியிருந்தாய். அவசரத்தில் கைக்குக் கிடைத்த தாள்.

உன் அக்கா
லோசெலி

*

வவாவு
2 ஜூலை 1984

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

மாநாட்டிலிருந்து நேற்றுத்தான் கப்பலில் வந்து இறங்கினோம். எங்கள் குழு நாற்பது பேர். ஆறு மாதமாகப் பழக்கினேன். ஆண்கள் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தார்கள். "அப்பா" என்ற இடத்தில் டெனர்கள் ஒரே ஆள் போல ஏறினார்கள். நான் முப்பது வருடம் மனதுக்குள் கேட்ட மாதிரியே இருந்தது. ஆனால் கோயிலில் ஒருவரும் மூச்சைப் பிடிக்கவில்லை. பாதிப் பேர் எங்களுக்கு முன்னாலேயே அந்தச் சுரத்தை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். கேசட்டில் கேட்டுப் பழகியவர்கள்.

முடிந்து வெளியே வந்தால் ஹஅபைத் தீவுக் குழுக்காரர் ஒருவர் தோளில் தட்டி, "பௌலியாசி, உங்க மச்சான் பாட்ட நல்லாத்தான் பாடம் பண்ணியிருக்கீங்க" என்றார்.

"அது நான் எழுதின பாட்டு" என்றேன்.

சிரித்தார். "சொல்லிக்கங்க, சொல்லிக்கங்க. கேசட் அட்டையில படமே போட்டிருக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த ஆக்மென்டட் அங்க நாலு வாட்டி வருது. நீங்க மூணை விட்டுட்டீங்க."

பக்கத்தில் நின்ற போதகரும் சிரித்தார். என் டெனர்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கப்பலில் ஒரு பையன் கிதாரில் அந்தப் பாட்டை வாசித்தான், நான்கு இடத்திலும்.

ஒரு தம்பி அக்காவுக்கு இப்படி எழுதக் கூடாது. தெரிந்தேதான் எழுதுகிறேன். கிழங்கைக் கேட்டால் அடுத்த வருடம் வேறு கிழங்கு முளைக்கும். பன்றியைக் கேட்டால் அது குட்டி போடும். இது இனி முளைக்காது. ஒன்றே ஒன்று வைத்திருந்தேன். மறுக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டீர்கள். கொடுத்தேன். அதில் உங்கள் கணவர் பெயரை எழுதி, அந்தத் தாளில் தேநீர்க் கோப்பையைச் சுற்றி எனக்கே திருப்பி அனுப்பினீர்கள். என்னுடையதை எடுத்துக்கொண்டீர்கள் அக்கா. திருட்டு என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்தச் சொல்லை எழுதவில்லை.

பௌலியாசி

*

ஆக்லாந்து
29 செப்டம்பர் 1984

பௌலியாசிக்கு,

எல்லாரும் சுகமாக இருங்கள்.

உன் கடிதத்தை மூன்று மாதம் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். கிலிஃபிக்குக் காட்டவில்லை. இப்போது பதில் எழுதுகிறேன்.

அந்த ஹார்மோனியத்தைப் புயலுக்கு இரண்டு வருடம் முன்பே கரையான் தின்றுவிட்டது. அதை உடைத்து அடுப்பில் வைத்தது நான்தான். அம்மா அதில் ரொட்டிப்பழம் சுட்டாள், நீயும் தின்றாய்.

1950 ஈஸ்டர். எனக்குப் பதினாறு, உனக்குப் பதினான்கு. டெனர்களில் பாதிப் பேர் தட்டம்மையில் படுத்துவிட்டார்கள். என் குரல் தடித்த குரல் என்று, குழுவை நடத்திய அப்பா என்னை அந்த வரிசையில் நிறுத்தினார். எல்லாரும் ஏழில் நிற்கும் இடத்தில் நான் அரைப்படி ஏறி, பிறகு எட்டில் போய் உட்கார்ந்தேன். தவறிப் போகவில்லை. ஒரு மாதமாகத் தேங்காய் துருவும்போதெல்லாம் வாய்க்குள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும்தான் காட்டியிருந்தேன். "இன்னொரு தரம் பாடு, இன்னொரு தரம் பாடு" என்று என் பின்னாலேயே சுற்றினாய்.

ஆராதனை முடிந்ததும் அப்பா குச்சியால் பலகையைத் தட்டி, "யாரு அது?" என்றார். டெனர்கள் ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் நமக்கு உறவுகூட இல்லை. நீ முன்வரிசையிலிருந்து திரும்பி, விரலை நீட்டி, "லோசெலி" என்றாய். என் கூடப்பிறந்தவன். கோயிலில் ஒருவரும் இன்னும் வெளியே போயிருக்கவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. "பொம்பளைய அங்க நிறுத்தினது என் தப்பு" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து முப்பத்து நான்கு வருடம் நான் எந்தப் பாடகர் வரிசையிலும் நிற்கவில்லை. இங்கே தேநீர் வைக்கிறேன்.

ஒரு குரல்தான் பாட வேண்டும் என்று நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எனக்கு அது எப்படித் தெரியும் என்று நீ கேட்கவும் இல்லை. கேட்பாய் என்று காத்திருந்தேன். எதற்காக வைத்தாய் என்று எழுதச் சொன்னபோதும் காத்திருந்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நீ ஹார்மோனியத்தைத் துடைத்தாய்.

நிகழ்ச்சித் தாளை டைப் அடித்தது நான். தொழிற்சாலை ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். "இசை" என்று அடித்துவிட்டு நிறுத்தினேன். உன் பெயரை அடிக்க மனம் வரவில்லை. என் பெயரை அடித்தால் யார் நம்புவார்கள்? அதனால் கிலிஃபி என்று அடித்தேன். அதைப் பார்த்து அவர், "என் பேரா?" என்றார். ஒரு நாள் முழுக்க வெட்கப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

அவசரத்தில் கைக்குக் கிடைத்த தாள் என்று எழுதினேன். அது பொய். தேடி எடுத்துத்தான் சுற்றினேன்.

லோசெலி

*

வவாவு
18 நவம்பர் 1984

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. மற்றபடி நலம்.

மறந்துபோயிற்று என்று எழுதலாமா என்று நான்கு தாளைக் கிழித்தேன். மறக்கவில்லை. அப்பா பலகையைத் தட்டியபோது என்னைத்தான் பார்த்தார். முந்தின வாரம் பயிற்சியில் விளையாடியதற்கு வாங்கிய அடி முதுகில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கை தானாக நீண்டது. பிறகு ஒவ்வொரு வருடமும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். நீங்கள் ஆக்லாந்துக்குக் கப்பல் ஏறியதும் இனி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஹார்மோனியக் கதையைப் பல வருடமாக ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது.

என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். போன ஞாயிறு நம் கோயிலில் அந்தப் பாட்டைப் பாடினோம். "அப்பா" வந்ததும் டெனர்களை வாயை மூடச் சொல்லியிருந்தேன். மூன்றும் ஐந்தும் மட்டும் நின்றன. கோடு போட்ட ஏழின் இடம் வெறுமையாக இருந்தது. கோயிலில் எல்லாரும் டெனர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மெலெனைதே, "டெனர்காரங்க மறந்துட்டாங்களா?" என்றாள். "அது அக்காவோட எடம்" என்றேன். பிறகு நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். அழுதாள்.

நான் உயிரோடு இருக்கும்வரை நம் ஊரில் அந்தச் சுரத்தை யாரும் பாட மாட்டார்கள். உங்களுக்காகக் காலியாகவே இருக்கும்.

என்னை மன்னிக்க வேண்டும்.

உங்கள் தம்பி
பௌலியாசி

*

ஆக்லாந்து
13 ஜனவரி 1985

பௌலியாசிக்கு,

புது வருடத்தில் உன் வீட்டில் யாருக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். மெலெனைதே அழுதாள் என்று எழுதியிருந்தாய். என் அன்பை அவளுக்குச் சொல்.

கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். பார்த்தவர்களிடம் என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லவில்லை. விரலை நீட்டிய அன்று கோயில் முழுக்கக் கேட்கும்படி என் பெயரைச் சொன்னாய். இப்போது வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெண்டாட்டி காதில் சொல்லியிருக்கிறாய். உன் டெனர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கும்.

அந்த இடத்தைக் காலியாக விடாதே. அதனால் பாட்டுக்குக் கேடு, எனக்கு ஒரு பயனும் இல்லை. அது இல்லாமல் குமாரன் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். டெனர்களைப் பாடச் சொல். ஒரு குரல் மட்டும்.

தைலம் தீர்ந்தால் எழுது, அனுப்புகிறேன். கிலிஃபிக்கு மறுபடியும் கால் வீங்கிவிட்டது. ஆனாலும் இன்றைக்குப் பயிற்சி உண்டு. புதிதாக எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள், மொத்தம் நாற்பது பேருக்குத் தேநீர் வைக்க வேண்டும். தண்ணீர் கொதித்துவிட்டது.

லோசெலி